உடற்கூறு படிக்கும் பிள்ளைக்கு வீட்டிலேயே ஒரு வகுப்பு



தோட்டத்துப் பிள்ளை ஒன்று கல்லூரிக்குப் போகிறது என்றால் அந்த வீட்டுக்கு மட்டுமல்ல, லயம் முழுவதற்கும் சந்தோஷம். புதுப் பெட்டி வாங்கி, கோயிலில் அர்ச்சனை செய்து, பஸ் ஏற்றிவிட்டு வருகிறோம். ஆறாவது வாரமோ எட்டாவது வாரமோ அந்தப் பிள்ளையிடமிருந்து ஒரு போன் வருகிறது. "அம்மா, என்னால முடியலைம்மா. நான் வீட்டுக்கே வந்துடுறேன்."

தாதியர் பயிற்சிக்கு மகளை அனுப்பியிருக்கும் ஒரு தாய் இதைத்தான் எழுதியிருக்கிறார். எஸ்.பி.எம். சோதனையில் உயிரியல் பாடத்தில் நன்றாகவே செய்த பெண். இப்போது கல்லூரியில் முதல் பருவம். அடிப்படை உயிரியல் ஒரு பக்கம், உடற்கூறும் உடலியங்கியலும் இன்னொரு பக்கம். புத்தகம் செங்கல் கனம். ஒரு வாரத்தில் எலும்பெல்லாம் முடிந்து அடுத்த வாரம் தசை வந்துவிடுகிறதாம். "நாங்க ரெண்டு பேரும் அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவங்க. அவளுக்கு நாங்க என்னத்தச் சொல்றது? திரும்பி வரச் சொல்லிடலாமா?" என்று கேட்கிறார்.

அம்மா, சொல்லாதீர்கள். குறைந்தபட்சம் முதல் பருவத்துச் சோதனை முடிவு வரும்வரை அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். ஒரு பாடத்தில் தவறினால் அதை மட்டும் மறுபடி எழுத வழியுண்டா என்று கல்லூரியில் கேட்கச் சொல்லுங்கள். எட்டாவது வாரத்தில் திரும்பி வந்த பிள்ளை பெரும்பாலும் தொழிற்சாலைக்கோ சூப்பர் மார்க்கெட்டுக்கோ வேலைக்குப் போய்விடுகிறது. மறுபடி புத்தகத்தைத் தொடுவது அரிதாகத்தான் நடக்கிறது. "எங்களுக்கு என்ன தெரியும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்தப் பாடத்தில் பாதி உங்கள் வீட்டில் இருக்கிறது. எப்படி என்று சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் இது என்ன பாடம் என்று தெரிந்துகொள்வோம். தாதி, மருத்துவ உதவியாளர், ஆய்வுக்கூடப் பணியாளர், எக்ஸ்ரே எடுப்பவர், உடற்பயிற்சி வைத்தியம் பார்க்கும் பிசியோதெரப்பிஸ்ட், டாக்டர் எல்லாருக்கும் தொடக்கம் இதுதான். உடற்கூறு என்றால் உடம்பின் வரைபடம். எது எங்கே இருக்கிறது, எதோடு ஒட்டியிருக்கிறது என்று சொல்வது. உடலியங்கியல் என்றால் அது என்ன வேலை செய்கிறது, எப்படிச் செய்கிறது என்று சொல்வது. தோட்டத்தில் எந்த லயம் எங்கே, கோயில் எங்கே, ஆபீஸ் எங்கே என்று அறிவது ஒன்று. விடியற்காலையில் பெரட்டு முடிந்து யார் எந்த வெளிக்குப் போகிறார், யார் வராவிட்டால் எந்த வேலை நின்றுபோகும் என்று அறிவது மற்றொன்று. பிள்ளைகள் முதலாவதை மனப்பாடம் செய்யப் பார்த்து மூச்சுத் திணறுகிறார்கள். இரண்டாவதைக் கூடவே படித்தால் முதலாவது தானாக நிற்கும்.

இவை இரண்டுக்கும் முன்னால் அடிப்படை உயிரியல் வருகிறது. உயிரணு என்றால் என்ன, அதன் மெல்லிய சுவரைத் தாண்டித் தண்ணீர் எப்படி உள்ளே போகிறது, எப்படி வெளியே வருகிறது என்பதெல்லாம் அதில் உண்டு. பிள்ளைக்கு இது சலிப்பாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாத விஷயம் அல்லவா? இங்கேதான் பால் வெட்டிய அப்பா பேச வேண்டும். இன்று பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பல தோட்டங்களே தாமான்களாகிவிட்டன. ஆனாலும் பால் வெட்டிய கைகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன.

விடிவதற்கு முன்னே ஏன் வெட்டப் போனோம்? வெயில் ஏறினால் பால் குறையும் என்பது எல்லாருக்கும் தெரியும். காரணம் இதுதான். இரவில் இலை நீரை அதிகம் இழப்பதில்லை. வேர் உறிஞ்சிய தண்ணீர் மரத்தின் உயிரணுக்களில் நிறைந்து, அவை காற்றடைத்த பந்துபோல விறைப்பாக இருக்கின்றன. அந்த விறைப்பின் அழுத்தம்தான் பாலை வெளியே தள்ளுகிறது. வெயில் ஏறினால் இலை வழியே தண்ணீர் ஆவியாகிப் போகும், அழுத்தம் குறையும், மங்கில் சொட்டும் பாலும் குறையும். பால் ஓடும் மெல்லிய குழாய்கள் மரத்தின் உள்பட்டையில் சற்றே சாய்ந்து ஏறுகின்றன. அதனால்தான் வெட்டு இடப்புறம் உயரமாகவும் வலப்புறம் தாழ்வாகவும் போகிறது. அப்படி வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும். ஆழமாக வெட்டி மரத்தில் காயம் போட்டால் கங்காணி திட்டினாரே, ஏன்? பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே புதுப் பட்டையை வளர்க்கும் ஒரு மெல்லிய அடுக்கு இருக்கிறது. அதைத் தொடாமல் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவிட்டு வெட்ட வேண்டும். தொட்டால் அந்த இடத்தில் மறுபடி நல்ல பட்டை வராது.

இத்தனையும் கல்லூரிப் புத்தகத்தில் நீளமான பெயர்களோடு வருகிறது. பெயர் பிள்ளைக்குத் தெரியும். காரியம் அப்பாவுக்குத் தெரியும். இரண்டும் சேர்ந்தால்தான் அது படிப்பு. வெட்டிய இடத்தில் சிறிது நேரத்தில் பால் தானே அடைத்துக்கொள்வதைப் பார்த்தவருக்கு, காயம்பட்ட விரலில் இரத்தம் உறைவதும் புதிதல்ல. இரண்டும் ஒரே முறையில் நடப்பதில்லைதான். ஆனால் 'குழாய் அறுந்தால் உயிருள்ளது தன்னைத் தானே அடைத்துக்கொள்ளப் பார்க்கும்' என்ற நினைப்பு மனத்தில் பதிந்துவிட்டால் அந்தப் பாடத்தில் பாதி முடிந்தது.

அடுத்தது மொழி. நம் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள சிக்கல் இது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் பெரும்பாலும் மலாயில் படிக்கிறது. கல்லூரியில் கையில் இருப்பது ஆங்கிலப் புத்தகம். ஒரே நெஞ்சுக்குள் இருப்பது இருதயம், ஜந்தோங், ஹார்ட் என்று மூன்று பெயரோடு நிற்கிறது. ஹாத்தி என்றால் மலாயில் கல்லீரல். ஆனால் மனம் நொந்தால் சொல்வதும் 'சாக்கிட் ஹாத்தி'தான். நமக்கோ கல்லீரல், நுரையீரல், மண்ணீரல் மூன்றும் ஈரல். ஆட்டிறைச்சிக் கடையில் கேட்டு வாங்கும் அதே பெயர்கள். பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்?

எல்லாவற்றிலும் மோசமான சொல் 'நரம்பு'. அப்பா கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதை நரம்பு என்கிறோம். சுளுக்கினால் நரம்பு பிசகிவிட்டது என்கிறோம். பயந்தால் நரம்புத் தளர்ச்சி என்கிறோம். மலாய்க்காரர்களும் 'ஊராட்' என்ற ஒரு சொல்லை இப்படித்தான் பல இடத்துக்கும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் கல்லூரியில் இவை வேறு வேறு பொருள். புடைத்துத் தெரிவது இரத்தத்தை இருதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். அதற்குச் சிரை என்று பெயர். தசையை எலும்போடு கட்டும் வெள்ளைக் கயிறு தசைநாண். மூளையிலிருந்து செய்தி போய்வரும் கம்பிதான் உண்மையான நரம்பு. ஊசி போடப்போகும் பிள்ளைக்கு இந்த வேற்றுமை விளையாட்டல்ல. சிரையைத் தேடி ஊசி குத்துகிறவள் நரம்பில் குத்திவிட்டால் நோயாளியின் கை மரத்துப்போகலாம்.

இதை வீட்டிலேயே காட்டலாம். கோழி வாங்கும்போது காலையும் சேர்த்து வாங்குங்கள். வெட்டிய முனையில் வெள்ளையாக நீட்டிக்கொண்டிருக்கும் கயிற்றைப் பிடித்து இழுத்தால் கோழியின் விரல்கள் மடங்கும். சின்ன வயதில் இதைச் செய்து தங்கச்சியைப் பயமுறுத்தாதவர் நம்மில் யார்? அதுதான் தசைநாண். இழுத்தால் அசையும். நம் விரலை மடக்கும் தசைகளில் பெரியவை முன்கையில் இருக்கின்றன, விரலில் இல்லை. கயிறு மட்டும் மணிக்கட்டைத் தாண்டி விரலுக்குப் போகிறது. பிள்ளை தன் முன்கையை மறுகையால் பிடித்துக்கொண்டு விரலை மடக்கிப் பார்க்கட்டும். உள்ளே தசை நெளிவது தெரியும்.

சிரையைப் பார்க்க அப்பாவின் கை போதும். உழைத்த கையில் அது நன்றாகத் தெரியும். கையைத் தொங்கவிட்டு, புடைத்த சிரை ஒன்றின் மேல் விரல்நுனிப் பக்கமாக ஒரு விரலை அழுத்தி வையுங்கள். இன்னொரு விரலால் அதிலுள்ள இரத்தத்தை முழங்கைப் பக்கமாகத் தள்ளிவிட்டு அந்த விரலை எடுங்கள். இரத்தம் கீழே திரும்பி வராது. சிரை தட்டையாகவே கிடக்கும். முதல் விரலை எடுத்ததும் கீழிருந்து நிரம்பும். உள்ளே ஒருபக்கம் மட்டும் திறக்கும் சிறு கதவுகள் இருப்பதால்தான் இப்படி. வில்லியம் ஹார்வி என்ற ஆங்கில மருத்துவர் இரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது என்று 1628-ல் ஒரு நூல் வெளியிட்டு உலகத்துக்குச் சொன்னபோது, அதில் படமாகப் போட்டுக் காட்டியது இதைத்தான். அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டியிருக்கவில்லை; ஒரு கை போதுமாயிருந்தது.

சரி, அந்தப் பயங்கரமான லத்தீன் பெயர்கள்? அவற்றைக் கண்டு நடுங்க வேண்டாம். பழைய ரோமாபுரிக்காரர்கள் தங்கள் வீட்டுச் சாமான்களின் பெயரைத்தான் உடம்புக்கு வைத்தார்கள். முழங்கால் சிப்பிக்குப் பட்டெல்லா என்று பெயர். சிறு தட்டு என்று பொருள். தோள்பட்டைக்கு முன்னால் இருக்கும் காறை எலும்பு கிளாவிக்கிள், சிறு சாவி. காதுக்குள் இருக்கும் காக்ளியா நத்தை. இடுப்பெலும்புக் கூடு பெல்விஸ், தண்ணீர்த் தொட்டி. முன்காலில் இருக்கும் டிபியா புல்லாங்குழல். 'மஸில்' என்று தசைக்குச் சொல்கிறோமே, அது குட்டி எலி! கையை மடக்கினால் தோலுக்கடியில் எலி ஓடுவதுபோல இருக்கிறது என்று எவனோ ஒருவன் சொல்லியிருக்கிறான். பொருள் தெரிந்த பெயர் மறக்காது. பிள்ளை ஒவ்வொரு பெயரையும் அகராதியில் பார்த்து, பொருளைத் தமிழில் பக்கத்தில் எழுதிக்கொள்ளட்டும்.

நோய்களின் பெயரும் இப்படியே துண்டு துண்டாக வரும். 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி. 'ஹெப்பட்' என்றால் கல்லீரல். ஆக ஹெப்படைட்டிஸ் கல்லீரல் அழற்சி. 'ஆர்த்ர்' என்றால் மூட்டு. பாட்டியின் முழங்கால் வலிக்கு ஆர்த்ரைட்டிஸ் என்று டாக்டர் எழுதியது இப்போது விளங்கும். நாம் 'இனிப்பு நீர்' என்கிறோம், மலாய்க்காரர்கள் 'கென்சிங் மானிஸ்' என்கிறார்கள், டாக்டர்கள் எழுதும் 'மெல்லிட்டஸ்' என்ற சொல்லுக்கும் தேன்போல் இனிப்பது என்றே பொருள். மூன்று மொழிக்காரர்களும் ஒன்றையே பார்த்திருக்கிறார்கள்.

இதில் ஓர் இடத்தில் மட்டும் பிள்ளை மிகக் கவனமாக இருக்க வேண்டும். 'ஹைப்பர்' என்றால் அதிகம். 'ஹைப்போ' என்றால் குறைவு. ஹைப்பர்கிளைசீமியா இரத்தத்தில் சர்க்கரை ஏறியது. ஹைப்போகிளைசீமியா சர்க்கரை இறங்கியது. காதில் இரண்டும் ஒன்றுபோலவே விழும். இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்த பாட்டி வியர்த்து, நடுங்கி, பேச்சுக் குழறினால் அது பெரும்பாலும் இரண்டாவது. உடனே அவருக்கு வேண்டியது சர்க்கரை. அங்கே இரண்டையும் மாற்றிக்கொண்டு இன்னும் இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து. நாளைக்கு வார்டில் நிற்கப்போகும் பிள்ளை இந்த இரண்டு சொல்லைத் தூக்கத்தில் கேட்டாலும் சரியாகச் சொல்ல வேண்டும்.

இனி, தாய்மார்களாகிய நீங்கள் செய்யக்கூடிய காரியம். மகள் போன் செய்யும்போது "சாப்பிட்டியா, நல்லாப் படிக்கிறியா" என்று மட்டும் கேட்டு வைத்துவிடாதீர்கள். "இன்னிக்கு உடம்புல எதைப் படிச்ச?" என்று கேளுங்கள். அவள் ஒரு பெயர் சொல்வாள். அது எங்கே இருக்கிறது, என்ன வேலை செய்கிறது, அது நின்றுபோனால் என்ன ஆகும் என்று கேளுங்கள். தமிழில் சொல்லச் சொல்லுங்கள், உங்களுக்கு விளங்கும்படி. ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்ததை அப்படியே ஒப்பித்துவிடலாம். அம்மாவுக்கு விளங்கும்படி தமிழில் சொல்ல வேண்டுமென்றால் அவளுக்கு முதலில் விளங்கியிருக்க வேண்டும். எங்கே திக்குகிறாளோ அங்கேதான் அவள் இன்னும் படிக்கவில்லை என்று அவளுக்கே தெரிந்துவிடும். பத்து நிமிடம் போதும். நேரம் ஒத்துவராவிட்டால் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பச் சொல்லுங்கள். வேலை முடிந்து வந்து கேட்டுக்கொள்ளலாம்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. புத்தகத்தில் மஞ்சள் மையால் கோடு போடுவது படிப்பல்ல. கோடு போட்ட திருப்தி மட்டும்தான் மிஞ்சும். புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத் தாளில் கை எலும்புகளை வரைந்து பெயர் எழுதிப் பாருங்கள். பிறகு திறந்து, விட்டதைச் சிவப்பில் எழுதுங்கள். நாளைக்கு ஒரு தடவை, மூன்று நாள் கழித்து ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை. பெரியவர்கள் உடம்பில் 206 எலும்புகள் என்றால் மலைப்பாக இருக்கும். ஒரு கையில் மணிக்கட்டோடு 27, ஒரு பாதத்தில் 26. இரண்டு கையும் இரண்டு பாதமும் சேர்ந்து 106. ஒரு கையையும் ஒரு பாதத்தையும் நன்றாகப் படித்தவர் பாதிக்கு மேல் முடித்துவிட்டார்.

தீபாவளிக்கு வீட்டுக்கு வரும் பிள்ளைக்கு இன்னொரு பாடம் காத்திருக்கிறது. ஆடு அடிக்கும் இடத்தில் இருதயத்தையும் ஒரு சிறுநீரகத்தையும் வெட்டாமல் முழுசாகக் கேட்டு வாங்கி வையுங்கள். குழம்புக்குப் போகுமுன் மகள் அதைப் பலகையில் வைத்து எல்லாருக்கும் அறுத்துக் காட்டட்டும். நான்கு அறைகள் இருக்கும். இடப்பக்கக் கீழறையின் சுவர் வலப்பக்கத்தைவிட மிகத் தடிப்பாக இருப்பதை விரலால் தொட்டே அறியலாம். ஏன்? வலப்பக்கம் இரத்தத்தைப் பக்கத்திலுள்ள நுரையீரலுக்கு அனுப்பினால் போதும். இடப்பக்கம் தலையிலிருந்து கால்வரை அனுப்ப வேண்டும். அதிகம் உழைக்கிற தசை தடிக்கும். தாத்தாவே தம் கையைக் காட்டி இதை விளக்குவார். சைவ வீடாக இருந்தால் இது வேண்டாம். கல்லூரியில் உள்ள பிளாஸ்டிக் மாதிரியே போதும்.

உடலியங்கியலைச் சங்கிலியாகப் படிக்க வேண்டும். நண்பகலில் செம்பனைக் குலை வெட்டுகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். வியர்வை கொட்டுகிறது. இரத்தத்தில் தண்ணீர் குறைகிறது. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்டியூட்டரி சுரப்பி ஒரு சுரப்புநீரை வெளியிடுகிறது. அதன் கட்டளைப்படி சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. சிறுநீர் கொஞ்சமாக, கருமஞ்சளாகப் போகிறது. தாகம் எடுக்கிறது. இருதயம் வேகமாக அடிக்கிறது. குடித்தால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். தொட்டியில் தண்ணீர் இறங்கினால் மிதவை இறங்கிக் குழாயைத் திறக்கிறது, நிறைந்தால் மூடுகிறது அல்லவா? உடம்பு முழுவதும் இப்படிப்பட்ட மிதவைகள்தான். குடிக்காமலே வேலை செய்தால் என்ன ஆகும் என்பதை, மயங்கி விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு டிரஸரிடம் ஓடியவர்கள் சொல்வார்கள்.

பணம் கட்டுவது பற்றியும் இருவர் கேட்டிருக்கிறார்கள். தனியார் கல்லூரியில் தாதியர் படிப்புக்குக் கடன் எடுத்துக் கையெழுத்துப் போடும் முன், அந்தப் படிப்பை மலேசியத் தாதியர் வாரியமும் மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனமும் அங்கீகரித்திருக்கின்றனவா என்று அந்த அலுவலகங்களிலேயே விசாரியுங்கள்; கல்லூரி முகவர் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். மூன்று வருடம் படித்து முடித்தாலும் வாரியத்தின் சோதனையில் தேறிப் பதிவு பெற்றால்தான் தாதியாக வேலை செய்ய முடியும். சுகாதார அமைச்சின் பயிற்சிக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் நிபந்தனைகளை எஸ்.பி.எம். முடிவு வருவதற்கு முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத் தேதி போய்விட்டது என்று பிறகு வருந்தும் குடும்பங்கள் அதிகம்.

தவளையை அறுக்க மகளுக்கு மனம் வரவில்லை, வாந்தி வருகிறது என்று எழுதிய தாய்க்கு: எல்லாப் படிப்பிலும் தவளை அறுப்பது கிடையாது. அவள் படிக்கும் படிப்பில் உண்டா என்று விரிவுரையாளரிடம் நேரே கேட்கச் சொல்லுங்கள். உண்டு என்றால், முதல் நாள் வெறும் வயிற்றோடு போகாமல் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு, சன்னல் பக்கமாக நின்று பார்க்கச் சொல்லுங்கள். தலை சுற்றினால் உடனே உட்கார்ந்துவிட வேண்டும். நிற்க முடியாதவர் உட்காருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.